பொது மொழியியல் பாடம் (ஜெனீவா)

சுவிட்சர்லாந்தின் ஜெனீவாப் பல்கலைக்கழகத்தில் ஃபெர்தினான் த சசூர் (1857–1913) மூன்று முறை நடத்திய வகுப்புத் தொடரும், அதன் அடிப்படையில் 1916இல் வெளிவந்த நூலும் இப்பெயரால் வழங்குகின்றன. மொழியைக் குறிகளின் அமைப்பாகக் கண்டு, சடங்கு, மரியாதை முறை, எழுத்து ஆகியவற்றையும் அவ்வாறே ஆராய இடமுண்டு என்று இப்பாடம் காட்டியது. ஐரோப்பியக் குறியியல் இதிலிருந்தே கிளைத்தது.

பின்னணி

ஜெனீவாவில் பிறந்த சசூர், லைப்சிக்கில் பயின்றார். தம் 21ஆம் வயதில் இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் தொல் உயிரொலி அமைப்பு பற்றிய நூலை வெளியிட்டார். சமஸ்கிருத இலக்கணம் பற்றிய ஆய்வுக்கு 1880இல் முனைவர் பட்டம் பெற்றார். 1881 முதல் பத்தாண்டுகள் பாரிஸில் கற்பித்தபின் 1891இல் ஊர் திரும்பி, சமஸ்கிருதமும் ஒப்பிலக்கணமும் நடத்தினார். பொது மொழியியல் நடத்திவந்த ஷோசஃப் வெர்தைமர் ஓய்வு பெறவே, 1906 இறுதியில் அப்பாடம் சசூரின் பொறுப்பில் வந்தது.

வகுப்புகள்

முதல் தொடர் (1907) பெரும்பாலும் ஒலி மாற்றத்தையும் ஒப்புமையாக்கத்தையும் பற்றியது. இரண்டாவது (1908–09) மொழியியலுக்கும் குறியியலுக்கும் உள்ள உறவையும், மொழிக்கூறுகளின் மதிப்பையும் எடுத்துக்கொண்டது. சதுரங்கக் காயின் மதிப்பு பலகையில் அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது போல, சொல்லின் மதிப்பும் பிற சொற்களோடு அதற்குள்ள உறவைப் பொறுத்தது என்பது சசூர் தந்த விளக்கம். மூன்றாவது தொடர் (1910–11) உலக மொழிகளின் பரவலில் தொடங்கி மொழியின் பொது அமைப்புக்கு வந்தது. குறிப்பான் (ஒலிவடிவம்), குறிப்பீடு (கருத்து) என்னும் இணைச்சொற்களை அவர் 1911 மே மாதத்தில்தான் வகுப்பில் அறிமுகம் செய்தார். தனிமனிதப் பேச்சு பற்றிய பகுதி நடத்தப்படாமலே போயிற்று. வகுப்பில் இருந்தோர் மிகச் சிலரே.

நூலாக்கம்

சசூர் தம் வகுப்புக் குறிப்புகளைப் பெரும்பாலும் கிழித்தெறிந்துவிட்டார். அவர் மறைந்தபின், வகுப்புகளில் அமர்ந்திராத சார்ல் பாலி, ஆல்பர் செசெஏ இருவரும் மாணவர் ஏடுகளைத் தொகுத்து நூலாக்கினர். மாணவர் ஆல்பர் ரீட்லிங்கர் துணைநின்றார். வரிசை தலைகீழானது: சசூர் மூன்றாம் தொடரில் முதலில் நடத்திய மொழிப் பரவல் நூலில் நான்காம் பகுதிக்குப் போயிற்று. மொழியை மொழிக்காகவே ஆராய வேண்டும் என்ற புகழ்பெற்ற இறுதி வரி எந்த மாணவர் ஏட்டிலும் இல்லை. அது பதிப்பாசிரியர்களின் சேர்க்கை. மூன்றாம் தொடரை முழுமையாக எழுதிவைத்த எமில் கோன்ஸ்தான்தனின் ஏடுகள் 1958இல்தான் ஆய்வாளர் கைக்கு வந்தன. 1996இல் சசூர் குடும்பத்தின் ஜெனீவா இல்லத்தில் அவர் கையெழுத்துப் படிகள் கிடைத்தன. அவை 2002இல் அச்சேறின. எனவே சசூரின் கருத்தை அறிய மாணவர் ஏடுகளும் கையெழுத்துப் படிகளுமே முதன்மைச் சான்றுகள். 1916 நூல் அடுத்த நிலையிலேயே வைக்கத்தக்கது.

தாக்கமும் இன்றைய நிலையும்

நியூயார்க்கில் 1942இல் மொழியியலாளர் ரோமன் யாக்கப்சனின் வகுப்புகளில் அமர்ந்த க்ளோத் லெவி-ஸ்ட்ராஸ், இப்பாடத்தின் வழிவந்த அமைப்பியல் நோக்கை மானிடவியலுக்குக் கொண்டுசென்றார். எஸ்தோனியாவின் தார்த்துவில் யூரி லோத்மன், இத்தாலியின் பொலோஞ்ஞாவில் உம்பர்த்தோ எக்கோ, பாரிஸில் ரோலான் பார்த் ஆகியோர் குறியியலைக் கற்பித்தனர். இன்று பல நாட்டுப் பல்கலைக்கழகங்களில் மொழியியல், இலக்கியம், ஊடகவியல் துறைகளில் இது ஒரு தாளாக உள்ளது. தமிழில் அமைப்பியல் சிந்தனையைப் பரவலாக்கிய தமிழவனின் ‘ஸ்ட்ரக்சுரலிசம்’ 1982இல் வெளிவந்தது.