கைதட்டல் கற்பிக்கும் பாடம்: திரைப்பாடலுக்கு ஆடும் சிறுமியர்

குத்துப்பாட்டுக் காட்சிகள் சிறுமியரைக் கெடுக்கின்றன என்ற குற்றச்சாட்டு நம்மிடையே பழையது. பாட்டைப் பார்ப்பதைவிட, அதற்கு ஆடிக் கைதட்டு வாங்குவதே ஆழமாகப் பதிகிறது என்பது என் வாதம். புதுச்சேரி வீடுகளில் ஓடுபவை சென்னைத் தொலைக்காட்சிகள்; பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்களும் இவ்வூரில் உண்டு. இவ்வூரோடு உறவுள்ள இந்தியா, பிரான்ஸ் ஆகிய இரு நாடுகளும் இச்சிக்கலில் ஒரே இடத்தைத் தொட்டன. சிறுமியருக்குப் பாலியல் சாயல் பூசும் போக்கை எதிர்த்துப் பிரெஞ்சு செனட்டர் ஷாந்தால் ழுவானோ 2012இல் அறிக்கை அளித்தார். அடுத்த ஆண்டு செப்டம்பரில், 16 வயதுக்கு உட்பட்டோருக்கான அழகுப் போட்டிகளைத் தடைசெய்யப் பிரெஞ்சு செனட் வாக்களித்தது. 2019 ஜூனில் இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம், படங்களில் பெரியவர்கள் ஆடிய அசைவுகளை நடனப் போட்டிகளில் குழந்தைகளை ஆடவைப்பது குறித்துத் தனியார் சேனல்களை எச்சரித்தது. இரண்டுமே குழந்தையை ஏற்றிவிடும் மேடையைக் கேள்வி கேட்டன.

மேடை ஏன் முக்கியம்? உடலாகவே பார்க்கப்படும் பெண் நாளடைவில் தன்னையும் பிறர் கண்ணால் நோட்டமிடப் பழகுகிறாள் என்று உளவியலாளர்கள் பார்பரா ஃபிரெட்ரிக்சனும் டோமி-ஆன் ராபர்ட்ஸும் 1997இல் விளக்கினர். மறு ஆண்டு வெளியான அவர்களது சோதனையில், கண்ணாடி முன் தனியாக நீச்சலுடை அணிந்துபார்த்த மாணவியர், ஸ்வெட்டர் அணிந்தவர்களைவிடக் கணக்கில் குறைவாக மதிப்பெண் பெற்றனர்; மாணவரிடம் அந்தச் சரிவு இல்லை. அறையில் வேறு யாரும் இல்லாதபோதே கவனம் இப்படிச் சிதறுமானால், நடுவரும் கேமராவும் எதிரே இருக்கும்போது என்னவாகும்? ஃபிஜித் தீவில் 1995இல் தொலைக்காட்சி வந்தபின், உணவுப் பழக்கக் கோளாற்றைக் காட்டும் அளவீட்டு மதிப்பெண் உயர்ந்திருந்த பள்ளிச் சிறுமியரின் பங்கு மூன்றே ஆண்டுகளில் 12.7 விழுக்காட்டிலிருந்து 29.2 ஆனதை ஆய்வாளர் ஆன் பெக்கர் பதிவுசெய்தார். இவை தமிழ்ச் சிறுமியரிடம் நடத்தியவை அல்ல. திரைப்பாடலை மட்டும் அளந்தவையும் அல்ல. ஆயினும் பார்வை எவ்வாறு உள்ளே குடியேறுகிறது என்பதற்கு வலுவான சான்றுகள்.

"குழந்தைக்குப் பாட்டின் பொருள் புரியாதே" என்பார்கள். பொருள் புரிய வேண்டியதில்லை. எந்த அசைவுக்கு அரங்கம் ஆர்ப்பரிக்கிறது என்பது ஐந்து வயதிலேயே புரிந்துவிடும். இதைவிடக் கனமான மறுப்பு நம் மரபிலிருந்து வருகிறது: பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி 1925இல் ஏழு வயதில் அரங்கேறியவர், சிருங்காரமே தலையாய ரசம் என்று கடைசிவரை வாதாடியவர். ஒழுக்கத்தின் பெயரால் நடந்த சீர்திருத்தம் தேவதாசி மரபுப் பெண்களிடமிருந்து அவர்களுடைய கலையையே பறித்ததையும் மறக்கக் கூடாது. அந்த எச்சரிக்கையை ஏற்கிறேன். சிருங்காரத்தின் மீது எனக்குப் புகார் இல்லை. பரதநாட்டியப் பதத்தில் நாயகி ஏங்குகிறாள், ஊடுகிறாள், தலைவனைக் கேள்வி கேட்கிறாள். முகமே அங்கு அரங்கம். குத்துப்பாட்டின் கேமராவோ முகத்தை விட்டு இடுப்புக்கு இறங்குகிறது. அங்கே ஆடுபவளுக்கு மனம் என்று ஒன்றில்லை. சிறுமி நகலெடுப்பது இந்த வெறுமையைத்தான்.

ஆகவே பொறுப்பு ஆடும் பிள்ளையின் பாவாடை நீளத்தில் இல்லை, ஆடவைப்பவரிடமே இருக்கிறது. 2019இன் எச்சரிக்கை சேனல்களோடு நின்றுவிடுகிறது. பள்ளி ஆண்டு விழாவில் பாட்டைத் தேர்ந்தெடுப்பவர் ஆசிரியர். அதைப் படம்பிடித்து ரீல்ஸில் ஏற்றுபவர் பெற்றோர். புதுச்சேரிப் பள்ளிக்கல்வித் துறை ஆண்டு விழாப் பாடல்களுக்கும் காணொளிப் பதிவுக்கும் விதி வகுப்பது, புதிய சட்டம் எதுவும் இல்லாமலே இயலக்கூடிய முதல் வேலை.