மறந்துவிடும் நினைவகம்

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் கணினிக் கடையொன்றில் நின்ற இளைஞரிடம் அண்மையில் மடிக்கணினியின் விலை கேட்டேன். "எழுதுறதுக்குத்தானே அங்கிள், 16 ஜிபி போதும்" என்றார். அன்றிரவு ரொறன்ரோவிலிருந்து பேசிய மருமகனோ, "மாமா, இப்ப வாற கனக்க மடிக்கணினியளில பிறகு கூட்டேலாது. 64 ஆ எடுங்கோ" என்றான். இரண்டுக்கும் இடையிலான விலை வேறுபாடு எனது ஒரு மாத வீட்டுச் செலவுக்கு மேல். முடிவெடுக்குமுன் பழைய கதை சிலவற்றை எண்ணிப் பார்த்தேன்.

ஐபிஎம் நிறுவனம் தனது தனியாள் கணினியை 1981 ஆகஸ்ட் 12 இல் அறிமுகப்படுத்தியது. அதன் ஆரம்ப மாதிரியில் இருந்த நினைவகம் 16 கிலோபைற் மட்டுமே. அதற்குப் பத்து வாரங்களுக்கு முன்னர்தான், மே 31 இரவு தொடங்கி, யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாகின. இரண்டு செய்திகளுக்கும் தொடர்பு எதுவுமில்லை. ஆயினும் அந்த ஆண்டை இரண்டையும் சேர்த்தே நான் நினைவில் வைத்திருக்கிறேன்.

நினைவகம் என்ற சொல்லே நம்மை ஏமாற்றுவது. ஐபிஎம் ஆய்வாளர் றொபேட் டெனாட்டுக்கு 1968 இல் காப்புரிமை கிடைத்த முறைப்படி, ஒவ்வொரு துணுக்கும் மிகச் சிறிய மின்னேற்றமாகவே இருக்கிறது. அது கசிந்துகொண்டே இருப்பதால், செக்கனுக்குப் பல தடவை புதுப்பிக்கப்பட வேண்டும். மின்சாரம் நின்றால் எல்லாம் மறந்துபோகும். நூலகத்து அலுமாரி என்பது சேமிப்பகம். நினைவகமோ வாசிப்பு மேசை. மேசை சிறிதானால் அடிக்கடி எழுந்து அலுமாரிக்கு நடக்க வேண்டும். கணினி மந்தமாவது அதனால்தான்.

இதை நான் 1996 இல் கற்றேன். வரட்சியால் நாடெங்கும் மின்வெட்டு நிலவிய ஆண்டு அது. கொட்டாஞ்சேனையில் வாழ்ந்த முதிய அச்சுக்கோப்பாளர் ஒருவர், ஈய எழுத்துக்களோடு கழித்த தமது நாற்பது ஆண்டுகளை ஒரு பிற்பகல் முழுவதும் எனக்குச் சொன்னார். குறிப்பெடுப்பதை விடுத்து, கேட்டதை அன்று மாலையே அலுவலகக் கணினியில் நேரடியாகத் தட்டச்சிட்டேன். அதில் 8 மெகாபைற் நினைவகம். விண்டோஸ் 95 இற்கு அன்று பரிந்துரைக்கப்பட்ட அளவு. ஐந்தாம் பக்கத்தை எட்டியபோது மின்சாரம் போயிற்று. ஒரு தடவையேனும் நான் சேமித்திருக்கவில்லை. மறுபடி கேட்கலாம் என்று நாட்களைக் கடத்தினேன். இரண்டு மாதங்களின் பின்னர் அவரது மரண அறிவித்தலே எங்கள் பத்திரிகைக்கு வந்தது.

அவர் கோத்த பக்கங்களுள் சில, பழைய பத்திரிகைக் கட்டுக்களாக வெள்ளவத்தையில் எனது வீட்டில் இருக்கின்றன. தாள் பழுத்து, மடிப்புக்களில் உடைகிறது. அவற்றை வருடிப் படமாக்கி, 2005 இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்திடம் ஒப்படைப்பதே எனது நோக்கம். ஆகவே கேள்வி எழுதுவதற்கு எவ்வளவு வேண்டும் என்பதல்ல.

எழுத்துக்கு மிகக் குறைவாகவே வேண்டும். யுனிகோட்டின் யுரிஎப்-8 முறையில் 'ம' என்ற எழுத்துக்கு 3 பைற். 'கொ' என்பதற்கு 6 பைற். ஐந்நூறு சொற்களுக்குப் பதினைந்து கிலோபைற் அளவே செல்லும். படம் அப்படியன்று. 15 அங்குல அகலமும் 22 அங்குல உயரமும் கொண்ட பத்திரிகைப் பக்கத்தை, அங்குலத்துக்கு 400 புள்ளி வீதம் வண்ணத்தில் வருடினால் 6,000 பெருக்கல் 8,800 புள்ளிகள். புள்ளிக்கு 3 பைற் என்றால் ஏறத்தாழ 158 மெகாபைற். திருத்தும் மென்பொருள் முந்தைய நிலைகளையும் வைத்திருப்பதால் ஐந்து மடங்கு என்று கொள்வோம். பத்துப் பக்கங்களைத் திறந்தால் 8 ஜிபி. இயங்குதளமும் உலாவியும் இன்னொரு 6 ஜிபி எடுக்கும். 16 ஜிபியில் மூச்சுவிட இடமிராது. 64 ஜிபியில் பாதிக்கு மேல் வெறுமனே கிடக்கும்.

2025 இன் இறுதியில், செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் தேவையால் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் வேகமாக ஏறியது. வெறுமையாகக் கிடப்பதற்குப் பணம் கொடுக்கும் காலமல்ல இது. 32 ஜிபி என்று முடிவு செய்தேன். 1981 இன் 16 கிலோபைற்றோடு ஒப்பிட்டால் இருபது இலட்சம் மடங்குக்கு மேல்.

வாசகர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். உங்கள் வேலையில் மிகக் கனமானதைப் பழைய கணினியில் திறந்து வைத்து, எவ்வளவு நினைவகம் செலவாகிறது என்று பாருங்கள். அதன் ஒன்றரை மடங்கை எட்டும் அளவை வாங்குங்கள். மிஞ்சும் பணத்தில் வெளிச் சேமிப்பகம் இரண்டு வாங்கி, ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள். மேசை எவ்வளவு பெரிதானாலும் அலுமாரிக்கு ஈடாகாது. ஓர் அலுமாரி மட்டும் இருந்தால் என்னவாகும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதை எழுதும்போது ஏழு தடவை சேமித்துவிட்டேன்.