செங்கம் நடுகற்களில் அம்பும் அதன் கோலும்

திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் வட்டார நடுகற்கள், இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972இல் நூலாக வெளிவந்தன. பல்லவர் ஆட்சியாண்டு பொறித்த கற்கள் பலவற்றில், ஆநிரைப் பூசலில் பட்ட வீரன் வில்லும் வாளும் ஏந்தி நிற்கிறான். ஆயின், அவன் எய்த அம்பின் தண்டு எதனால் ஆனது? கல்வெட்டுகள் இதனைக் கூறுவதில்லை. கூறவேண்டிய தேவையும் அவற்றுக்கில்லை.

மொழி சிறிது உதவுகிறது. அம்பின் தண்டுக்குச் சங்கத்தமிழ் வழங்கிய பெயர் கோல். குறுந்தொகையின் முதற்பாடலே முருகனின் அம்பைக் குருதியாற் சிவந்த கோலுடையதாகக் காட்டுகிறது. கோல் மரக்குச்சியாகவும் இருக்கலாம். எனினும் மூங்கிலையே முதலிற் கருதவேண்டும். புறத்தே வயிரமுடையதைப் புல் என்றும் அகத்தே வயிரமுடையதை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் பகுக்கிறது. மெல்லிய மூங்கிற்கோல் எடை குறைந்தும் விறைப்பாக நிற்பதற்கு அப்புறவயிரமே காரணம். ஆகவே கோல் செய்வோர் முற்றிய கழையை நிழலில் உலர்த்தி, அனலில் வாட்டி நிமிர்த்துவர். கணுக்களை மட்டும் சீவுவர், மேற்றோலைச் செதுக்கார். நாணேறும் பிளவுக்கு அருகே ஒரு கணுவை விட்டுவைத்தால் கோல் பிளவாது.

செங்கத்து நன்னனைப் பாடிய மலைபடுகடாம் மூங்கிற்குழாயில் விளைந்த தேறலைக் குறிக்கிறது. கள்ளுக்குப் பயன்பட்ட மூங்கில் கணைக்குப் பயன்படாதிருந்திருக்குமா? இஃது ஊகமே. பெருங்கற்காலக் காம்புடை இரும்பு முனைகள் ஒரு சோதனைக்கு இடந்தருகின்றன: காம்பின் தடிப்பை அளந்தால், அது செருகப்பட்ட கோலின் உட்புழையை ஒருவாறு கணிக்கலாம்.