மூன்று மரபணுக்கள், ஒரே புரதம்: கால்மோடுலின் ஆய்வில் நிலைத்திருந்த ஓர் அனுமானம்

கால்மோடுலின் என்னும் சிறிய புரதத்தை உண்டாக்க மனித உடலில் மூன்று மரபணுக்கள் இருக்கின்றன. கால்ம்-1 பதினான்காம் குரோமோசோமிலும், கால்ம்-2 இரண்டாவதிலும், கால்ம்-3 பத்தொன்பதாவதிலும் உள்ளன. தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என்று கணக்கிட்டால் ஓர் உயிரணுவில் ஆறு பிரதிகள். ஆறும் ஒரே அமினோ அமில வரிசையைத்தான் தருகின்றன. ஓரிடத்தில்கூட மாற்றம் கிடையாது. ஒரு பிரதி பழுதானால் மீதி ஐந்து பார்த்துக்கொள்ளும் என்று எவருக்கும் தோன்றும். இந்த எண்ணம் நெடுங்காலம் கேள்வியின்றி நின்றது. மிகுதியான பிரதிகள் ஒரு பிரதியின் இழப்பை ஈடுகட்டும், ஆனால் பிழையான பிரதியின் தீங்கைத் தடுக்காது என்பதே இக்கட்டுரையின் வாதம். இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணியதால்தான் இம்மரபணுக்கள்மீது மருத்துவர்களின் சந்தேகம் தாமதமாக விழுந்தது.

கால்மோடுலினின் வேலை கால்சியத்தை உணர்வது; அந்தக் கால்சியத்தின் கதை ஒரு பிசகிலிருந்து தொடங்குகிறது. லண்டனில் சிட்னி ரிங்கர் தவளையின் இதயத்தை உப்புக் கரைசலில் வைத்துத் துடிக்கவிட்டு, அதை 1882இல் வெளியிட்டார். கரைசல் வாலைவடி நீரில் அல்ல, நியூ ரிவர் நிறுவனம் வழங்கிய குழாய் நீரில் தயாரிக்கப்பட்டிருந்தது பிறகுதான் தெரியவந்தது. வாலைவடி நீரில் செய்து பார்த்தால் துடிப்பு விரைவில் ஓய்ந்தது. குழாய் நீரில் இருந்த கால்சியமே இதயத்தை இயக்கியது என்று 1883இல் அவர் திருத்தி எழுதினார். அந்தக் கால்சியத்தின் செய்தியை உயிரணுவுக்குள் வாங்கிக்கொள்வது எது என்ற கேள்விக்கு விடை கிடைக்க எண்பது ஆண்டுகள் ஆயின. 1960களில் செட்சுரோ எபாஷி தசையில் கால்சியத்தைப் பற்றும் ட்ரோபோனின் என்னும் புரதத்தைக் கண்டறிந்தார். 1970இல் அமெரிக்காவில் வாய் யூ சியுங்கும் ஜப்பானில் ஷிரோ காக்கியுச்சியும் தனித்தனியே மூளைத் திசுவில் ஒரு தூண்டுபொருளை அடையாளம் கண்டனர். சியுங் பாஸ்போடைஎஸ்டரேஸ் நொதியைத் தூய்மைப்படுத்தத் தூய்மைப்படுத்த அதன் வேகம் குறைந்துகொண்டே வந்தது. பிரித்து ஒதுக்கிய பகுதியைத் திரும்பச் சேர்த்ததும் வேகம் மீண்டது. கழிவென்று ஒதுக்கியதில்தான் கால்மோடுலின் இருந்தது. 1973இல் கிரெட்சிங்கர் என்ற ஆய்வாளர் கெண்டை மீனின் தசைப் புரதமொன்றில் கால்சியத்தைப் பற்றும் மடிப்பின் வடிவத்தை விளக்கினார். கால்மோடுலினில் அத்தகைய மடிப்புகள் நான்கு. முனைக்கு இரண்டாக அமைந்து, நடுவே ஒரு தண்டால் இணைந்திருப்பதை 1985இல் வெளியான படிக ஆய்வு காட்டியது.

மனித உயிரணுவில் வேறுபட்ட பல தூது ஆர்.என்.ஏக்கள் ஒரே கால்மோடுலினைத் தருகின்றன என்று 1988இல் தெளிவானபோதே புதிரும் வந்துவிட்டது. மூன்று மரபணுக்களின் நியூக்ளியோட்டைடு எழுத்துகளும் ஒன்றுக்கொன்று கணிசமாக வேறுபடுகின்றன. ஆனால் அந்த வேறுபாடுகள் எல்லாம் அமினோ அமிலத்தை மாற்றாத இடங்களில் மட்டுமே நிகழ்ந்திருக்கின்றன. ஒரு மரபணு மற்றொன்றின் வரிசையைத் தன்மேல் படியெடுத்துக்கொண்டதால் புரதம் ஒன்றாக இருக்கிறது என்று வாதிட இதில் இடமில்லை. அப்படியானால் எழுத்துகளும் ஒன்றாக இருந்திருக்கும். முதுகெலும்பிகளின் நெடிய பரிணாமத்தில் எழுத்துகள் விலகிச் சென்றிருக்க, பொருள் மட்டும் மூன்றிலும் அசையாமல் நின்றிருக்கிறது. மீதிப் பிரதிகள் காப்பாற்றும் என்றால் ஒவ்வொரு பிரதியையும் இயற்கைத் தேர்வு இவ்வளவு கண்டிப்பாகக் கண்காணிக்கத் தேவையே இல்லை. கேடு செய்யும் பிழையைத்தான் அது சகிக்கவில்லை. என் பார்வையில், இந்தச் சான்று நோயாளிகள் வருவதற்கு இருபதாண்டுகள் முன்பே மேசைமேல் இருந்தது.

நோயாளிகள் 2012இல் வந்தனர். உடலுழைப்பாலோ பதற்றத்தாலோ இதயத் துடிப்பு ஆபத்தாகத் தாறுமாறாகும் பரம்பரை நோய் கொண்ட ஒரு ஸ்வீடன் குடும்பத்தில், கால்ம்-1இன் 53ஆம் இடத்தில் ஆஸ்பராஜினுக்குப் பதிலாக ஐசோலூசின் இருப்பதை டென்மார்க் ஆய்வாளர்கள் மெட்டே நீகார்ட் தலைமையில் கண்டனர். அடுத்த ஆண்டில் மேலும் கடுமையான செய்தி வந்தது. மீண்டும் மீண்டும் இதயம் நின்ற இரு பச்சிளங்குழந்தைகளின் மரபணுத் தொகுதியைப் பெற்றோருடையதோடு ஒப்பிட்டபோது, பெற்றோரிடம் இல்லாத புதிய சடுதிமாற்றம் ஒருவருக்குக் கால்ம்-1இலும் மற்றவருக்குக் கால்ம்-2இலும் இருந்தது. சில ஆண்டுகளில் கால்ம்-3உம் பட்டியலில் சேர்ந்தது. எந்த மரபணுவில் பிழை என்பதைவிட, புரதத்தின் எந்த இடத்தில் பிழை என்பதே நோயின் போக்கைப் பெரிதும் தீர்மானித்தது.

ஆறில் ஒன்று, அதாவது 17 விழுக்காட்டுக்கும் குறைவான பிழைப்புரதம் இதயத்தைக் கவிழ்த்துவிடுமா என்ற ஆட்சேபம் நியாயமானது. கால்மோடுலின் வெறுமனே மிதந்து திரியும் பொருள் என்றால் அந்த ஐயம் நின்றிருக்கும். ஆனால் இதயத் தசையின் கால்சியம் வாயில் ஒவ்வொன்றிலும் ஒரு கால்மோடுலின், கால்சியம் உள்ளே வருமுன்னரே, ஒட்டிக் காத்திருக்கிறது. கால்சியம் வந்ததும் அதைப் பற்றி வாயிலை மூடவைப்பது அதன் வேலை. பிழைப்புரதமும் வாயிலில் ஒட்டிக்கொள்கிறது. கால்சியத்தைப் பற்றத்தான் அதனால் இயலவில்லை. அது அமர்ந்த வாயில்கள் மூடாமல் கசிய, இதயத்தின் மின்துடிப்பு நீள்கிறது. உயிரணுவின் உட்கிடங்கிலிருந்து கால்சியத்தை வெளிவிடும் ரையனோடைன் ஏற்பியில் நிலைமை இன்னும் மோசம். அது நான்கு உறுப்புகளால் ஆனது. ஒவ்வொன்றிலும் ஒரு கால்மோடுலினுக்கு இடமுண்டு. ஆறு பிரதிகளும் சம அளவில் புரதம் தருவதாகக் கொண்டால், நான்கும் நல்லவையாக அமையும் வாய்ப்பு ஏறத்தாழ 48 விழுக்காடே. பாதிக்கு மேற்பட்ட ஏற்பிகளில் குறைந்தது ஒரு பழுதாவது இருக்கும்.

இந்நோய் மிக அரிது. 2019இல் பன்னாட்டுப் பதிவேட்டில் இருந்தவர்கள் 74 பேர்தான். எனவே காப்பு ஏற்பாடு வேலை செய்கிறது என்றும் சொல்லலாம். ஆனால் கடுமையான பிழை கொண்டவர்கள் பலர் சிறுவயதிலேயே ஆபத்துக்கு உள்ளாவதால் அது அடுத்த தலைமுறைக்குப் போவதில்லை. புதிதாகத் தோன்றி அவர்களோடே மறைகிறது. அரிதாக இருப்பதே அதன் கொடுமைக்குச் சாட்சி. பல தலைமுறை கடந்த ஸ்வீடன் குடும்பம் இதற்கு விலக்குப்போலத் தோன்றுவதை மறுக்க முடியாது. ஆனால் அங்கு உண்டான மாற்றம் கால்சியத்தைப் பற்றும் திறனை அதிகம் குலைக்கவில்லை என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வாதத்தின் மறுபாதிக்கான சான்று ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. கால்ம்-2இல் பிழை கொண்ட நோயாளியின் உயிரணுக்களிலிருந்து இதயத் தசை உயிரணுக்களை வளர்த்த ஆய்வாளர்கள், 2017இல் கிரிஸ்பர் முறையால் அந்த மரபணுவின் வெளிப்பாட்டையே ஒடுக்கினர். பழுதான பிரதியோடு நல்ல பிரதியும் சேர்ந்து அடங்கியது. ஆனாலும் நீண்டிருந்த மின்துடிப்பு இயல்புக்குத் திரும்பியது. எஞ்சிய நான்கு பிரதிகளே போதுமானவையாக இருந்தன.