காவாலிகளின் இசை

பங்க் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியைப் புரட்டித் தமிழ் தேட வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் அதற்கு ஏற்கெனவே ஒரு சொல் உண்டு: காவாலி. ஷேக்ஸ்பியர் காலத்தில் விலைமாதரைக் குறித்த சொல் அது. பின்னர் அமெரிக்கத் தெருக்களிலும் சிறைகளிலும் உழன்று, உதவாக்கரை, தறுதலை, சில்லறை ரவுடி என்றெல்லாம் பொருள் கொண்டது. 1970களின் தொடக்கத்தில் றொக் இசை விமர்சகர்கள் சிலர் அதை ஓர் இசைக்குப் பெயராக்கினார்கள். வசையாக வந்த சொல்லையே பெயராக மாட்டிக்கொண்டு மேடையேறியவர்களின் கதை இது. அகதி என்ற சொல்லை வசையாகவே கேட்டு வளர்ந்த எமக்கு இந்தக் கதையில் அக்கறை இருப்பதில் வியப்பில்லை.

நாங்கள் என்பது யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். டுபாயின் அல் கூஸில், ஷேக் சாயித் வீதிக்கும் அல் கைல் வீதிக்கும் இடையில், களஞ்சியசாலைகளும் கராஜ்களும் தொழிலாளர் காம்ப்களும் நெருக்கியடித்துக் கிடக்கும் பகுதியில், றெஸ்ரோரண்ட் குசினிகளில் வெங்காயம் உரித்தும் கோப்பை கழுவியும் சீவிக்கிற ஈழத்தவர் சிலர். எம்மில் பல்கலைக்கழகப் படிப்பை இடையில் விட்டவர்களும் உண்டு. ஐக்கிய அரபு இராச்சியம் 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் இணையவில்லை. ஆகவே ஐரோப்பாவிலும் கனடாவிலும் இருக்கிற உங்களைப்போல 'அகதி அந்தஸ்து' என்றொன்றைக் கேட்டுக்கொண்டு இங்கே வரிசையில் நிற்க முடியாது. விசாவில் என்ன தொழில் எழுதப்பட்டிருக்கிறதோ அதுவே நாங்கள். வேலை போனால் விசாவும் போகும்.

இதே அல் கூஸில்தான் 2008இலிருந்து அல்சேர்க்கல் அவென்யூ என்ற கலைக்கூடத் தொகுதியும் இருக்கிறது. பழைய களஞ்சியசாலைகள் ஓவியக் காட்சியறைகளாகிவிட்டன. அங்கு வரும் பிள்ளைகளின் ரீ-சேட்டுகளில் றமோன்ஸ் என்ற பெயர் கழுகுச் சின்னத்தோடு இருக்கும். அந்த ரீ-சேட் பெரிய கடைத்தொகுதிகளில் விற்பனைக்கு வருகிற சாமான். போட்டவர்களில் எத்தனை பேர் பாட்டைக் கேட்டிருப்பார்கள் என்பது வேறு விடயம். நாங்கள் கேட்டோம், வேலை முடிந்து அடுக்குக்கட்டிலில் படுத்தபடி, கைத்தொலைபேசியில். அவர்களுடைய முதலாவது இசைத்தட்டில் 14 பாடல்கள். முழுவதும் ஏறத்தாழ 29 நிமிடங்களில் முடிந்துவிடும். நித்திரைக்குப் பெரிய நட்டமில்லை!

1970களின் நடுப்பகுதியில் நியூயோர்க் நகரம் வங்குரோத்தின் விளிம்பில் நின்றது. அங்கே பவரி என்னும் வறிய தெருவில் 1973 டிசம்பரில் ஹில்லி கிறிஸ்டல் என்பவர் சி.பி.ஜி.பி. என்ற மதுச்சாலையைத் தொடங்கினார். கிராமிய இசை, புளூகிறாஸ், புளூஸ் என்பவற்றின் முதலெழுத்துகளே அந்தப் பெயர். ஆனால் அந்த இசைகளைப் பாட அங்கு பெரிதாக ஒருவரும் வரவில்லை. வேறெங்கும் மேடை கிடைக்காதவர்களே வந்தார்கள். குயீன்ஸ் பகுதியைச் சேர்ந்த நான்கு பொடியள் 1974 ஓகஸ்டில் அங்கு ஏறினார்கள். நால்வரும் சகோதரர்களைப்போல றமோன் என்ற ஒரே குடும்பப் பெயரை வைத்துக்கொண்டார்கள். அக்காலத்து றொக் இசை விளையாட்டரங்குகளை நிரப்பும் பெருந்தொழிலாகியிருந்தது. ஒரு பாடலே இருபது நிமிடம். கிற்றார்க்காரரின் வித்தைக்கு மட்டும் அதில் ஐந்து நிமிடம். பார்வையாளனுக்குக் கிடைத்த செய்தி ஒன்றுதான்: இது உன்னால் முடியாது, காசு கொடுத்துப் பார்த்துவிட்டுப் போ. றமோன்ஸ் அந்த வித்தை முழுவதையும் வெட்டி எறிந்தார்கள். மூன்று நான்கு சுரக்கூட்டுகள், இரண்டு நிமிடம், மூச்சு விடாத வேகம். 1976இல் வெளிவந்த அந்த முதல் இசைத்தட்டுக்கு ஒலிப்பதிவுச் செலவு சுமார் 6,400 டொலர்கள்.

அந்தத் தீ லண்டனில் விழுந்தபோது அங்கே காய்ந்த விறகு அடுக்கித் தயாராக இருந்தது. வேலையில்லாதோர் தொகை பத்து இலட்சத்தைத் தாண்டியிருந்தது. 1976இல் பிரித்தானிய அரசே சர்வதேச நாணய நிதியத்திடம் கையேந்தியது. பள்ளிக்கூடத்தை விட்டு வெளியேறும் பிள்ளைக்கு முன்னால் ஒன்றுமில்லை. 1975 நவம்பரில் செயின்ற் மார்ட்டின்ஸ் ஓவியக் கல்லூரியில் செக்ஸ் பிஸ்ரல்ஸ் என்ற குழு முதன்முதலாக மேடையேறியது. பாடகர் ஜோன் லைடன் அயர்லாந்திலிருந்து வந்த கூலித் தொழிலாளரின் மகன். 1977இல் இராணியின் ஆட்சிக்கு 25 ஆண்டு நிறைவு. நாடே கொடி கட்டிக் கொண்டாடியபோது, தேசிய கீதத்தின் தலைப்பையே எடுத்து அரசைச் சாடும் ஒரு பாடலை அவர்கள் வெளியிட்டார்கள். பி.பி.சி. தடை செய்தது. பெரிய கடைகள் விற்க மறுத்தன. அப்படியிருந்தும் அது விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடத்துக்கு வந்தது. அதற்கு முன்னரே இரண்டு இசைத்தட்டுக் கம்பெனிகள் அவர்களை வெளியேற்றியிருந்தன. இரண்டாவது கம்பெனியுடனான உறவு ஒரு கிழமைகூட நீடிக்கவில்லை.

வரலாறு எழுதுபவர்கள் பெரும்பாலும் இத்தோடு நிறுத்தி, கொண்டைத் தலைமயிரையும் ஊசிகளையும் பற்றிப் பேசப் போய்விடுவார்கள். எமக்கு முக்கியமானது வேறொன்று. 1976 ஜூலையில் மார்க் பெரி என்ற 19 வயது வங்கி எழுதுவினைஞன், தட்டச்சுப் பொறியாலும் தடித்த பேனையாலும் ஒரு சிறு சஞ்சிகையைத் தயாரித்துப் போட்டோக்கொப்பி எடுத்து விற்றான். எழுத்துப்பிழைகள் அப்படியே இருந்தன. அதைப் பார்த்து ஊரூராகச் சிறு சஞ்சிகைகள் முளைத்தன. அவற்றில் ஒன்று 1977 ஜனவரியில், கிற்றாரில் மூன்று சுரக்கூட்டுகளுக்கு விரல் வைக்கும் இடங்களைப் படமாக வரைந்து, இவ்வளவும் போதும், போய்க் குழு தொடங்கு என்ற கருத்தில் வாசகனுக்கு அறிவித்தது. அதே மாதம் மன்செஸ்ரரின் பஸ்கொக்ஸ் குழுவினர் 500 பவுண் கடன் வாங்கி, தாங்களே பதிவு செய்து, தாங்களே ஓர் இசைத்தட்டை வெளியிட்டார்கள். முதலில் அடித்தது ஆயிரம் பிரதிகள். பெரிய கம்பெனியின் வாசலில் போய் நிற்காமலேயே இசைத்தட்டு வெளியிடலாம் என்பது அன்று பலருக்குப் பெரும் கண்டுபிடிப்பாக இருந்தது.

இதை வாசிக்கிறபோது எங்கேயோ கேட்ட கதைபோல உங்களுக்குத் தோன்றவில்லையா? 80களின் பிற்பகுதியிலும் 90களிலும் எம்மவர் செய்ததும் இதுதானே! ஜேர்மனியில் தூண்டில், நோர்வேயில் சுவடுகள், சுவிசில் மனிதம், பாரிசில் ஓசை, பின்னர் எக்ஸில், உயிர்நிழல். பகலெல்லாம் கோப்பை கழுவியவர்களும் பத்திரிகை போட்டவர்களும் இரவில் இருந்து எழுதி, வெட்டி ஒட்டி, கொப்பி எடுத்துத் தபாலில் அனுப்பினார்கள். 1988இல் ஜேர்மனியில் இலக்கியச் சந்திப்பு தொடங்கியபோது அதற்கு மண்டபத்து மாலை மரியாதை ஒன்றும் இருக்கவில்லை. பண்டிதரின் அங்கீகாரத்துக்கோ இயக்கத்தின் அனுமதிக்கோ அவர்கள் காத்திருக்கவில்லை. அவர்களில் அநேகர் பங்க் இசையைக் கேட்டிருக்கக்கூட மாட்டார்கள். ஆனால் பொறிமுறை ஒன்றே. மலிவான கருவி, குறைந்த தேர்ச்சி, சொல்லியே ஆகவேண்டிய ஒரு விடயம்.

பங்க் இசை வெள்ளைக்காரப் பொடியளின் விளையாட்டு என்று சொல்வோரும் உண்டு. அது பாதி உண்மை. சிலர் அதிர்ச்சிக்காக நாசிச் சின்னத்தை அணிந்தார்கள். இனவெறிக் குழுக்களும் அந்த இசையைக் கையில் எடுத்தன. மறு பாதியையும் சொல்ல வேண்டும். 1976 ஓகஸ்டில் எரிக் கிளப்ரன் என்ற புகழ்பெற்ற கிற்றார்க் கலைஞர் பேமிங்ஹாம் மேடையில் குடிவெறியில் வெளிநாட்டவருக்கு எதிராகப் பேசினார். அதற்கு எதிர்வினையாக இனவாதத்துக்கு எதிரான றொக் என்ற இயக்கம் பிறந்தது. 1978 ஏப்ரல் 30 அன்று பல்லாயிரக்கணக்கானோர் ட்ரபல்கர் சதுக்கத்திலிருந்து கிழக்கு லண்டன் விக்ரோறியா பூங்காவுக்கு ஊர்வலமாகச் சென்றார்கள். அங்கே கிளாஷ் குழு பாடியது. எக்ஸ்-றே ஸ்பெக்ஸ் குழுவின் பொலி ஸ்ரைறீனும் பாடினார். அவருடைய தந்தை சோமாலியர். அவ்வாண்டு ஜனவரியில் மார்கரெட் தட்சர், வேற்றுக் கலாசாரத்தவரால் நாடு மூழ்கடிக்கப்படும் என்று மக்கள் அஞ்சுவதாகத் தொலைக்காட்சியில் பேசியிருந்தார். பாகிஸ்தானியப் பெற்றோருக்குப் பிறந்த இளைஞர்கள் அந்தப் பேச்சையே கேலி செய்து, ஏலியன் கல்ச்சர், அதாவது அந்நியக் கலாசாரம், என்று தமது பங்க் குழுவுக்குப் பெயரிட்டார்கள். மறுபடியும் வசையே பெயராயிற்று.

எமது பெண்ணொருத்தியும் இந்தக் கதைக்குள் வருகிறாள். மாதங்கி அருட்பிரகாசம், உலகுக்கு எம்.ஐ.ஏ. 1975இல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போய், 1986இல் அகதியாகத் திரும்பி வந்தவர். தந்தை அருளர் ஈரோஸ் இயக்கத்தின் தொடக்ககாலத்தவர். செக்ஸ் பிஸ்ரல்ஸ் முதன்முதல் பாடிய செயின்ற் மார்ட்டின்ஸ், வேறொரு கல்லூரியுடன் இணைந்த பிறகு, இவர் படித்த இடமுமாயிற்று. முறையான இசைப்பயிற்சி இல்லாமல், ஒரு சிறு மின்னிசைப் பெட்டியை வைத்துக்கொண்டு பாட்டுக் கட்டத் தொடங்கினார். முதல் இசைத்தட்டுக்கு அருளர் என்று தந்தையின் பெயர் (2005). இரண்டாவதற்கு காலா என்று தாயின் பெயர் (2007). அமெரிக்க விசா சிக்கலால் காலாவைப் பல நாடுகளில் பதிவு செய்ய நேர்ந்தது. சென்னையில் உறுமிமேளக்காரர்கள் அதில் வாசித்தார்கள். அதிலுள்ள பேப்பர் பிளேன்ஸ் பாடலின் அடித்தளம் 1982இல் கிளாஷ் குழு வெளியிட்ட ஒரு பாடலிலிருந்து எடுக்கப்பட்டது. ஒதுக்கப்பட்ட குடியேறிகளைப் பற்றிய பாடல் அது. கால் நூற்றாண்டு கழித்து, விசாவையும் வெளிநாட்டவர் மீதான பயத்தையும் கேலி செய்ய ஓர் ஈழத்து அகதிப்பெண் அதை எடுத்துக்கொண்டார். 2008இல் அது அமெரிக்க விற்பனைப் பட்டியலில் நான்காம் இடம் வரை போனது.

2009 பெப்ரவரி 8 அன்று, நிறைமாதக் கர்ப்பிணியாக அவர் கிராமி விழா மேடையில் பாடினார். எம்மிற் சிலர் அந்த நாளில் வன்னியில் பதுங்குகுழிக்குள் இருந்தோம். அந்த மேடையை நாங்கள் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் விழுந்துகொண்டிருந்த செல் ஒன்றுகூட நின்றிராது. பாட்டால் யுத்தம் நிற்கும் என்று நாங்கள் நம்பவில்லை, அப்படி எழுதவும் மாட்டோம். லண்டனிலும் பங்க் தோற்றுத்தான் போனது. இராணி இருந்தார், தட்சர் 1979இல் பிரதமராக வந்தார். கிளாஷ் குழு 1977இல் சி.பி.எஸ். என்ற பெருங்கம்பெனியில் கையெழுத்திட்ட அன்றே பங்க் செத்துவிட்டது என்று சொன்னவர் அதே மார்க் பெரிதான்.

அப்படியானால் ஏன் அது இன்னும் சாகவில்லை? இல்லை என்று சொல்வதற்கான விலை எல்லா இடத்திலும் ஒன்றல்ல என்பதைக் கவனித்தால் விடை கிடைக்கும். லண்டனில் அந்த விலை பெரும்பாலும் ஓர் ஒப்பந்தம். லைடன் 1977இல் தெருவில் கத்தியால் தாக்கப்பட்டதையும் மறக்கவில்லை. கிழக்கு ஜேர்மனியில் பங்க் பொடியளை ஸ்ராசி உளவுப்படை துரத்தியது, தேவாலயங்கள் இடம் கொடுத்தன. நாமென்லோஸ், அதாவது பெயரில்லாதவர்கள், என்ற குழுவினர் 1983இல் சிறை போனார்கள். இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தில் 2011 டிசம்பரில் இசைநிகழ்ச்சி ஒன்றில் பிடிபட்ட அறுபதுக்கு மேற்பட்டவர்களின் தலையை மொட்டையடித்து, 'திருத்துவதற்கு' அனுப்பினார்கள். மொஸ்கோ தேவாலயத்தில் பாடிய புஸ்ஸி றயட் பெண்களுக்கு 2012இல் இரண்டு ஆண்டுத் தண்டனை. எமது பக்கத்தில், பாரிசில் நூல்கள் வெளியிட்டு வந்த சபாலிங்கம் 1994 மே 1 அன்று தனது வீட்டிலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். விலை குறைந்த இடத்தில் பங்க் ரீ-சேட்டாகிறது. விலை கூடிய இடத்தில் மறுபடியும் பிறக்கிறது. யார் அதை விற்றாலும், மூன்று சுரக்கூட்டுகளை எவராலும் பூட்டி வைக்க முடியாது. அதன் நீண்ட ஆயுளுக்கு நாங்கள் காண்கிற காரணம் இதுதான்.

எம்மவரில் சிலர் இது சத்தம், இசையல்ல என்பார்கள். எது இசை, எது சத்தம் என்பதை எமது ஊரில் யார் தீர்மானித்தார்கள்? பறை சாவீட்டுக்கு, நாதஸ்வரம் கோயிலுக்கு, வீணை வீட்டுக்குள் என்று பிரித்து வைத்தது காதா, சாதியா? சென்னையில் 2018 ஜனவரியில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு கானாவையும் பறையையும் றொக் இசையையும் ஒரே மேடைக்குக் கொண்டுவந்தபோது கேட்டதும் இந்தக் கேள்வியைத்தான். லண்டன் பொடியள் வர்க்கத்தை நோக்கிக் கேட்டதை நாங்கள் சாதியை நோக்கிக் கேட்காமல் ஒரு பங்க் பாட்டை மட்டும் இரசித்துக்கொண்டிருந்தால், அதுவும் ரீ-சேட் போடுகிற வேலைதான்.

அல் கூஸில் நாங்கள் ஊர்வலம் போக முடியாது, சங்கம் அமைக்கவும் முடியாது. வளைகுடாவில் உழைக்கிற எம்மவரின் வாழ்க்கை, நாட்டுக்கு வரும் அந்நியச் செலாவணிக் கணக்கில் ஓர் எண்ணாக மட்டும் எழுதப்படுகிறது. பன்னிரண்டு மணிநேரக் குசினி, எட்டுப் பேர் படுக்கும் அறை, திரும்பிப் போகப் பயப்படும் ஊர் ஆகிய இவற்றை எங்கள் மொழியில், எழுத்துப்பிழையோடாவது, நாங்களே எழுத வேண்டும். கருவி கையில் இருக்கிறது. 1976இல் மார்க் பெரியிடம் இருந்ததைவிட இந்தக் கைத்தொலைபேசி எவ்வளவோ மேல். பெயர் போட முடியாது என்பது உண்மைதான். நாமென்லோஸ் பொடியளும் அப்படித்தான் தொடங்கினார்கள்.