தொடர் குற்றப் புகார்களைத் தடுக்கும் நீதிமன்ற அதிகாரம் (இந்தியா)

ஒரே நிகழ்வையோ ஒரே பகையையோ வைத்து ஒருவர் மீது மீண்டும் மீண்டும் குற்றப் புகார் கொடுத்து அலைக்கழிப்பதை நிறுத்த நீதிமன்றங்களுக்கு உள்ள அதிகாரம் இது. இறுதியில் விடுதலை கிடைத்தாலும், அதுவரை வாய்தாவுக்கு அலைவதும் கைதுக்கு அஞ்சுவதும் வழக்கறிஞருக்குச் செலவழிப்பதும் குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தண்டனைதான். அந்தத் துன்பத்தையே நோக்கமாகக் கொண்ட புகார், நீதிமன்ற நடைமுறையைத் தவறாகப் பயன்படுத்துவதாகும்.

சட்ட அடிப்படை

நீதிமன்ற நடைமுறை தவறாகப் பயன்படுத்தப்படுவதைத் தடுக்க உயர் நீதிமன்றத்துக்கு உள்ளார்ந்த அதிகாரம் உண்டு. இது 1923இல் 561ஏ பிரிவாகப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் 482ஆம் பிரிவாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அச்சட்டத்துக்கு மாற்றாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 528ஆம் பிரிவாக உள்ளது. ஒரு குற்றத்துக்காக ஒருவரை இருமுறை வழக்குக்கு உட்படுத்தித் தண்டிக்கக் கூடாது என்கிறது அரசமைப்பின் 20(2)ஆம் கூறு.

முக்கியத் தீர்ப்புகள்

குற்றவியல் நடுவர் (மாஜிஸ்திரேட்) தள்ளுபடி செய்த புகாரை அதே செய்திகளோடு மறுபடி கொண்டுவர, விதிவிலக்கான காரணம் வேண்டும் என்று 1961இல் உச்ச நீதிமன்றம் கூறியது. முந்தைய உத்தரவு முழுமையற்ற ஆவணங்களின் பேரில் பிறந்திருப்பது, முன்பு உரிய முயற்சி எடுத்தும் கிடைத்திருக்க முடியாத புதிய செய்தி வெளிவருவது போன்றவை அத்தகைய காரணங்கள்.

ஹரியானா அரசு – பஜன்லால் வழக்கில் (1990) முதல் தகவல் அறிக்கையை இரத்துசெய்யத் தக்க 7 வகைச் சூழல்கள் எடுத்துக்காட்டாகத் தரப்பட்டன. பழிவாங்கும் உள்நோக்கத்தோடு தொடுக்கப்பட்ட வழக்கு அவற்றுள் ஒன்று. இந்த அதிகாரத்தை மிக அரிதாகவே கையாள வேண்டும் என்றும் அத்தீர்ப்பு எச்சரித்தது.

கேரளத்தின் கூத்துப்பறம்பில் 1994இல் நடந்த துப்பாக்கிச் சூடு தொடர்பான டி.டி. ஆன்டனி வழக்கில் (2001), ஒரே நிகழ்வுக்கு இரண்டாவது முதல் தகவல் அறிக்கை செல்லாது என்று தீர்ப்பானது. எதிர்த்தரப்பு அதே நிகழ்வைப் பற்றிக் கொடுக்கும் எதிர்ப்புகாருக்கு இந்தத் தடை இல்லை என்று உப்கார் சிங் வழக்கு (2004) தெளிவாக்கியது. பத்திரிகையாளர் அர்னாப் கோஸ்வாமியின் ஒரே ஒளிபரப்புக்காகப் பல மாநிலங்களில் வழக்குப் பதிவானபோது, 2020இல் உச்ச நீதிமன்றம் ஒன்றை மட்டும் விசாரிக்க விட்டது.

உத்தரப் பிரதேசத்தில் அண்டை வீட்டார் இருவரின் 2012ஆம் ஆண்டுச் சச்சரவு, ஆண்டுகள் கடந்தும் புதுப் புகாராக முளைத்தது. அதை 2021 மார்ச்சில் இரத்துசெய்த உச்ச நீதிமன்றம், அரசமைப்பின் 142ஆம் கூற்றின்படி அந்தச் சச்சரவில் பிறந்த வழக்குகள் அனைத்தையும் முடித்துவைத்தது. அற்பப் புகார்களை வாயிலிலேயே நிறுத்தும் பொறுப்பு விசாரணை நீதிமன்றத்துடையது என்றும் வலியுறுத்தியது.

தொடக்க நிலைத் தடைகள்

காவல் துறை விசாரணை கோரி நடுவரை அணுகுவோர், முன்பு காவல் நிலையத்தையும் உயரதிகாரியையும் நாடியதைக் காட்டிப் பிரமாணப் பத்திரம் தர வேண்டும் என 2015இல் பிரியங்கா ஸ்ரீவஸ்தவா வழக்கில் விதிக்கப்பட்டது. இது இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 175(3)ஆம் பிரிவில் இடம்பெற்றுள்ளது. நடுவரிடம் நேரடியாகத் தரப்படும் புகாரில், குற்றம் சாட்டப்பட்டவரைக் கேட்காமல் நடவடிக்கைக்கு எடுக்கக் கூடாது என்கிறது அதே சட்டத்தின் 223ஆம் பிரிவு.

சென்னைச் சட்டம்

1949ஆம் ஆண்டுச் சென்னை தொல்லை வழக்குத் தடுப்புச் சட்டம் உரிமையியல், குற்றவியல் வழக்குகள் இரண்டுக்கும் பொருந்தும். நியாயமான காரணமின்றி வழக்குத் தொடுப்பதையே வழக்கமாகக் கொண்டவர் மீது அரசுத் தலைமை வழக்கறிஞர் உயர் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். உத்தரவு பிறந்தால், சென்னையில் உயர் நீதிமன்றத்தின் அனுமதியும் பிற இடங்களில் மாவட்ட அமர்வு நீதிபதியின் அனுமதியும் பெற்றே அவர் வழக்குத் தொடுக்க முடியும். 1965இல் உச்ச நீதிமன்றம் இச்சட்டம் செல்லும் என்றது.

வரம்பு

ஒருவர் பலமுறை புகார் கொடுத்தார் என்பது மட்டுமே தொல்லை ஆகாது. காவல் நிலையம் வாங்க மறுத்ததால் திரும்பத் திரும்பக் கதவைத் தட்டும் எளியவரும் உண்டு. எனவே புகார்களின் எண்ணிக்கையை விட, நிகழ்வு ஒன்றா, புதிய ஆதாரம் உண்டா, முந்தைய புகார் மறைக்கப்பட்டதா, உள்நோக்கம் என்ன என்பவையே முடிவைத் தீர்மானிக்க வேண்டும்.