முன்பக்கத்தைக் கிழிக்காதீங்க

'மதுரைத் திட்டம்' என்ற பெயரைக் கேட்டு, தமுக்கம் பக்கத்தில் எங்கேயோ ஆபீஸ் இருக்கும்னு ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். மதுரைக்காரன் நினைப்பு வேறெப்படி இருக்கும்! 1998 பொங்கலன்று அதைத் தொடங்கியவர்களில் கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தின் லோசானில் இருந்தார். குமார் மல்லிகார்ஜுனன் அமெரிக்காவில். சங்கம் இருந்த ஊர் என்பதால் எங்க ஊர்ப் பெயர். முதல் நூல் திருக்குறள். தட்டெழுதியவர்கள் பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள், சம்பளம் கிடையாது.

ஒவ்வொரு கோப்பின் தலையிலும் ஒரு முன்பக்கம் உண்டு. என்ன நூல், யார் தட்டெழுதினார், யார் மெய்ப்புப் பார்த்தார் என்ற விவரமெல்லாம் அதில்தான். கூடவே ஒரு நிபந்தனை: இந்த முன்பக்கத்தை நீக்காமல் யாரும் கோப்பை இலவசமாகப் பகிரலாம். பூட்டு அவ்வளவுதான், ஒரே ஒரு வாக்கியம். நூலும் நூலைப் பற்றிய விவரமும் ஒரே கோப்பில் கிடக்கும்போது வேறு பூட்டுப் போட இடமுமில்லை. (கோயில் கல்வெட்டில் இதை அழித்தவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று மிரட்டுவார்கள். இவர்கள் அதைக்கூடச் செய்யவில்லை.)

போன வருஷம் ஒரு சிற்றிலக்கியத்தைத் தேடினேன். நாலு தளங்களில் கிடைத்தது, நாலிலும் ஒரே வரியில் ஒரே எழுத்துப்பிழை! நாலுமே ஒரே பிரதி என்பது அப்போதுதான் உறைத்தது. யார் அடித்தது, எங்கிருந்து வந்தது என்று ஒன்றிலும் இல்லை. மதுரைத் திட்டக் கோப்பைத் திறந்தால் அதே பிழை. மேலே, ராத்திரி கண்விழித்து அடித்திருக்கக்கூடிய ஒருவரின் பெயர்.

விக்கிமூலம் இந்தச் சிக்கலை வேறு மாதிரி அணுகுகிறது. பக்கத்தின் உரை வேறு, அதன் தரநிலை வேறு. உரையை யாரும் திருத்தலாம். ஆனால் தரநிலையை மாற்ற உள்நுழைந்தே ஆகணும். ஒருவர் மெய்ப்புப் பார்த்தால் பக்கம் மஞ்சள். அதைப் பச்சையாக்க இன்னொருவர் வரணும். தன் பரீட்சைத் தாளைத் தானே திருத்திக்க மென்பொருளே விடாது. யார் எப்போது மாற்றினார் என்பதும் வரலாற்றுப் பக்கத்தில் நிற்கும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த அனுமதியெல்லாம் விக்கிக்குள்ளேதான் செல்லும். உரையை மட்டும் நகலெடுத்து வாட்ஸாப்பில் போட்டால் மஞ்சளும் வராது, பச்சையும் வராது, பெயரும் வராது. அங்கே இன்னமும் 1998இன் அந்த ஒற்றை வாக்கியம்தான் நமக்குத் துணை.